பார்ட் ஸ்டார்: ஆடியவரும் ஆட வைத்தவரும்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்க ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து முட்டி மோதி முன்னேறும் ஆட்டம் அது. அடுத்து என்ன செய்வது என்று களத்தில் வழிநடத்துபவர் குவார்ட்டர்பேக். 1956 டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதில், கிரீன் பே பேக்கர்ஸ் அணி 200-ஆவது ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக்தான் பார்ட் ஸ்டார். போனால் போகிறது என்று எடுத்த மாதிரிதான்! 1959-ல் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தார். அப்புறம் ஐந்து சாம்பியன் பட்டங்கள். முதல் இரண்டு சூப்பர் பவுல்களிலும், அதாவது சீசனின் மாபெரும் இறுதி ஆட்டங்களிலும், சிறந்த ஆட்டக்காரர் ஸ்டார்தான்.

1967 டிசம்பர் 31-ல் டல்லாஸ் அணியோடு மோதிய லீக் சாம்பியன் பட்ட ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குளிர் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கு அடியில் பதித்த சூடேற்றும் அமைப்பு காலை வாரிவிட, மைதானம் பனிப்பாறையாகிவிட்டது. நடுவரின் விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டது. டல்லாஸ் 17-14 என்று முன்னிலை. மிச்சம் 16 விநாடி, பந்தோடு தாண்டினால் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு ஓரடி, இரண்டடி தூரம். அதற்கு முந்தைய இரண்டு முயற்சியிலும் பந்தோடு ஓடியவருக்குக் கால் நிற்கவில்லை. கடைசி டைம் அவுட்டில் ஸ்டார் லொம்பார்டியிடம் போய், “நானே கொண்டுபோகிறேன்” என்கிற மாதிரி சொன்னார். சக வீரர்களிடம் சொன்னதோ, சக் மெர்சீன் பந்தை வாங்கி ஓடும் திட்டத்தை! சக வீரர் ஜெர்ரி கிரேமர் முட்டித் திறந்த இடைவெளியில் ஸ்டார் தானே பாய்ந்தார். 21-17.

1975-ல் அவரையே பயிற்சியாளராக உட்கார வைத்தார்கள். அனுபவமோ, 1972-ல் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி தந்த ஒரே ஒரு சீசன். கஜானாவும் காலி. அவருக்கு முன்பிருந்த டான் டெவைன் 34 வயது குவார்ட்டர்பேக் ஜான் ஹேடலுக்காக ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளைத் தாரை வார்த்திருந்தார். 1977-ல் ஸ்டார் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது இந்த ஆட்டத்தின் மாமேதைகள் வரிசையில், சேர்ந்தார். அதே ஆண்டு அவர் அணி 14 ஆட்டத்தில் 10 தோற்றது.

எல்லாப் பழியையும் டெவைன் தலையில் போட முடியாது என்பது என் கட்சி. 1981 டிராஃப்டில் பேக்கர்ஸ் ரிச் கேம்பெல் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. இரண்டு இடம் தள்ளி சான் பிரான்சிஸ்கோ எடுத்தது ரானி லாட்டை. அவர் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். குவார்ட்டர்பேக்கை எடைபோடுவதில் ஸ்டாரே இருந்த அணி சறுக்கியது, பாருங்கள்!

ஸ்டார் பயிற்சி தந்த ஒன்பது சீசனில் பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் கிடைத்தது ஒரே ஒரு முறை. 1983 முடிந்ததும் நீக்கிவிட்டார்கள். அடுத்து வந்தவர் அவருடைய பழைய சகா ஃபாரஸ்ட் கிரெக். சின்சினாட்டி அணியை சூப்பர் பவுல் வரை கொண்டுபோனவர். அவரும் கிரீன் பேயில் நான்கு சீசன் இருந்தார். ஒன்றில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகமில்லை.