ஊர் வாசிகசாலையில் ஓர் எழுத்துப் பட்டறை

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள், வாசிகசாலைப் பொறுப்பாளர்கள், இளைஞர் கழகத்தார் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவச எழுத்துப் பட்டறை ஒன்றை நீங்களே தொடங்குங்கள். ஆனால் அதை ஒருநாள் விழாவாக நடத்தாதீர்கள். பதாகை கட்டி, மங்கல விளக்கேற்றி, அதிதிகள் பேசி முடிய, பிள்ளைக்கு எழுதக் கிடைப்பது அரை மணித்தியாலம்தான். அந்தச் செலவில் வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மணித்தியாலம் என்று ஆறு வாரம் தாராளமாக நடத்தலாம்.

ஒரு குழுவுக்கு 15 பிள்ளைகள், மூன்று பெரியவர்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் இருந்து கேட்க ஆள் இராது. பெயர் கொடுத்த எல்லோரும் வரமாட்டார்கள், அதனால் 20 பேரைப் பதிந்துவிடுங்கள். 8 முதல் 12 வயது ஒரு குழு, 13 முதல் 17 வயது இன்னொரு குழு. இரண்டையும் கலந்தால் சின்னவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்; மூத்த பிள்ளைகள் தங்கள் தம்பி தங்கச்சிக்கு முன்னால் மனதில் உள்ளதை வாசிக்கமாட்டார்கள்.

இலவசம் என்பது கட்டணம் வாங்காமல் விடுவது மட்டுமல்ல. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை நகரத்துக்கு வந்துபோக பஸ் காசு வேண்டும். கூட்டிவர ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போய்விடும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மண்டபம் எடுத்து வைத்துக்கொண்டு, மேற்கே படுவான்கரைப் பிள்ளைகள் வருவதில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. பட்டறைதான் பிள்ளையைத் தேடிப் போகவேண்டும். பிரதேச சபை வாசிகசாலையோ, கோயில் மண்டபமோ, பள்ளிவாசல் பக்கத்து மண்டபமோ போதும்.

நேரத்தைத் தாய்மாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு இருக்கும், முஸ்லிம் ஊர்களில் வெள்ளி சரிவராது, சனி காலையை டியூஷன் எடுத்துவிடும். சனி பின்னேரம் இரண்டரையில் தொடங்கி நாலரைக்கு விட்டால் பிள்ளைகள் பொழுதுபட முன்னமே வீடு சேர்ந்துவிடுவார்கள். மாரிக்குள் தொடங்காதீர்கள். வெள்ளம் ஏறினால் தாழ்ந்த பாதைகள் அடைபடும், இரண்டு கிழமை விட்டுப்போன பட்டறை மறுபடி சேர்வது கஷ்டம்.

முதல் நாளில் எடுத்த எடுப்பிலேயே யாரையும் தனியே எழுத வைக்க வேண்டாம். டப்ளினில் எழுத்தாளர் ரொடி டோயிலும் நண்பரும் 2009இல் தொடங்கிய 'ஃபைட்டிங் வேர்ட்ஸ்' என்ற இலவச நிலையத்தில் ஒரு நல்ல முறை உண்டு. சிறுவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைத் தொடங்குவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் கணினியில் எழுதிக்கொள்வார், இன்னொருவர் படம் கீறுவார். கதை இறுகி நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி முடிப்பார்கள். அதைச் செய்ய எங்களுக்குக் கணினி தேவையில்லை. ஒரு பிரிஸ்டல் போர்ட் அட்டையும் மார்க்கரும் போதும். கதையில் வருகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். படத்திலும் டிவியிலும் வருகிற ஆட்கள் வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். இதில் இரண்டு விதமாகப் பிழை வரும். சத்தமாகப் பேசுகிற ஒரு பையன் கதை முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடுவான். அதனால் வரிசையாகக் கேளுங்கள். மற்றது, நடத்துகிறவர் தன் யோசனையைச் செருகுவது. அப்படிச் செருகினால் பிள்ளைகள் அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

இரண்டாம் வாரம்தான் உண்மையான வேலை. பரீட்சைக்குக் கட்டுரை பாடமாக்கிய பிள்ளை இப்படித்தான் தொடங்கும்: "எங்கள் ஊர் வாவி மிகவும் அழகானது. அங்கே பல வகையான மீன்கள் உள்ளன." இதைப் பிழை என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். நீ கடைசியாக வாவிக்கரைக்குப் போனது எத்தனை மணிக்கு? யார் நின்றார்கள்? கையில் என்ன இருந்தது? என்ன மணத்தது? பிள்ளை வாயால் சொல்லும், சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்போது இப்படி வரும்: "விடிய அஞ்சு மணிக்கு அப்பா வலையைத் தோணிக்குள்ள போட்டார். நேத்துச் சிக்கின செத்தல் மீன் ஒண்டு வலையிலேயே காய்ஞ்சு கிடந்தது. அம்மா லாம்பைத் தூக்கிப் பிடிச்சா." மூன்றே வரிதான், ஆனால் அந்த வீடும் அந்த விடியலும் அதற்குள் வந்துவிட்டன. அழகு, அருமை, மகிழ்ச்சி என்ற சொற்களை அன்று ஒரு நாளைக்கு மட்டும் எழுதக்கூடாது என்று விதி வைத்தால், பிள்ளைகள் தாங்களே கண்டதைத் தேடத் தொடங்குவார்கள்.

மூன்றாம் வாரம் உரையாடல், நாலாம் வாரம் வீட்டில் அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ கேட்டு வந்த ஒரு கவியையோ கதையையோ வைத்து எழுதுவது. பேச்சை ஊர்ப்பேச்சாகவே விடுங்கள். "மறுகா வாறன்" என்று பாத்திரம் சொன்னால் அதைத் திருத்தி "பின்பு வருகிறேன்" ஆக்கவேண்டாம்.

சிவப்புப் பேனையை நாலு வாரமும் வெளியே எடுக்காதீர்கள். றகரமும் ரகரமும், ணகரமும் னகரமும் மாறித்தான் வரும். முதல் வரியிலேயே வட்டம் போட்டால், பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் எழுதப் பழகும். அச்சுக்குப் போக முன்னம் ஐந்தாம் வாரத்தில் பிள்ளையோடு இருந்து திருத்துங்கள். வாசித்துக் காட்டும்போதும் அப்படித்தான். கேட்டவர்களில் இரண்டு பேர், மனதில் நின்ற வரி எது என்று மட்டும் சொல்லட்டும். முதலாம் இடம், இரண்டாம் இடம் வேண்டவே வேண்டாம். போட்டிக்குப் பாடசாலைகளில் தமிழ்த்தினம் இருக்கிறது.

இன்னொன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். யுத்தமும் 2004 சுனாமியும் தொட்டுப்போன வீடுகள் இவை. "உன் வாழ்வின் மிகத் துயரமான நாள்" என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். பிள்ளை தானாக எழுதினால் அமைதியாக வாங்கி வாசியுங்கள், சபையில் வாசிக்க வற்புறுத்தாதீர்கள். யாரோ தன்னைத் துன்புறுத்துவதாக எழுதியிருந்தால், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கம் 1929. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

ஆறாம் வாரம் புத்தகம். நாலு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். முதலில் வெறுந்தாளை மடித்து பென்சிலால் பக்க எண் போட்டுப் பாருங்கள். வெளித்தாளில் 16க்குப் பக்கத்தில் 1 வரும், அதன் மறுபக்கத்தில் 2க்குப் பக்கத்தில் 15. இந்த மாதிரி இல்லாமல் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனால் கதை பக்கம் மாறி வரும். பிள்ளைகள் தங்கள் கையெழுத்திலேயே கறுப்புப் பேனையால் எழுதட்டும். பென்சிலும் நீலமும் மங்கிப்போகும். நாலு ஓரத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் ஓர எழுத்து வெட்டுப்படும். நீள ஸ்டேப்ளர் இல்லையென்றால் ஊசிநூலால் மடிப்பில் மூன்று இடத்தில் தைக்கலாம்.

கதையோடு பெயர் போட, படம் எடுக்க, பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிள்ளைக்கு இரண்டு பிரதி கொடுங்கள். ஒரு பிரதியை வாசிகசாலைப் பதிவேட்டில் எண் போட்டு, மற்றப் புத்தகங்களோடு சிறுவர் பகுதியில் வையுங்கள். பூட்டின கண்ணாடி அலுமாரியில் வேண்டாம். பிள்ளைகளின் கை எட்டுகிற தட்டில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.