கற்றல் தளத்துக்கு எத்தனை வாசல்கள்?

(பல்கலைக்கழக ஆசிரியர்கள், கணினி மையப் பணியாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

இணையவழிக் கற்றல் தளத்தை விரிவாக்குவது பற்றிப் பேச்செடுத்தாலே, "நமக்கென்று ஒரு செயலி செய்துவிடலாமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடவே வந்திருக்கிறேன். தளத்துக்குள் இருக்கும் பாடப் பட்டியலையும் அசைன்மென்ட்டையும் மதிப்பெண்ணையும் நாட்காட்டியையும் இன்னொரு மென்பொருள் முறைப்படி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிகிறதா? முதலில் பார்க்க வேண்டியது அதை. முடியாவிட்டால், எவ்வளவு செலவு செய்து செயலி எழுதினாலும் அது சின்னத் திரைக்குள் திணித்த பழைய வலைப்பக்கமாகத்தான் இருக்கும்.

இந்தத் தளங்கள் அப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. கற்றல் தளம் செய்து விற்ற பிளாக்போர்டு நிறுவனம் 1997இல் தொடங்கியது. மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய மூடில் என்ற கற்றல் தளம் 2002இல் முதல் பதிப்பைக் கண்டது. அன்று மாணவர் என்றால் மேசைக் கணினி முன் உட்கார்ந்து உலாவியைத் திறப்பவர். ஆகவே தகவலும் அதைக் காட்டும் பக்கமும் ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்தே எழுதப்பட்டன. மூடில் யாரும் நிரலைப் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருளாக இருந்ததால் அந்தப் பின்னலைப் பிரித்துப் பார்க்கப் பலரால் முடிந்தது. பார்சிலோனாவில் கட்டலோனியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகக் குழுவினர் 'மூட்பைல்' என்ற பெயரில் அதைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் முயற்சியில் இறங்கினார்கள். 2010இல் வெளியான மூடில் 2.0 பதிப்பில் வலைச் சேவைகள் மையத்திலேயே இடம்பிடித்தன.

வலைச் சேவை செய்வது இதுதான். "இந்த மாணவருக்கு இந்த வாரம் என்ன வேலை பாக்கி?" என்று கைப்பேசி கேட்கிறது. சர்வர், வலைப்பக்கம் எதையும் வரைந்து அனுப்புவதில்லை. அசைன்மென்ட்டின் பெயர், கெடு, கொடுத்தாயிற்றா இல்லையா என்ற நிலை, இவ்வளவையும் வெறும் தகவலாகத் தருகிறது. அதை எப்படிக் காட்டுவது என்பது கேட்டவர் பாடு. அதே பதிலை நூலகத்தின் செயலியும் கேட்டு வாங்கலாம், மாணவரின் சொந்த நாட்காட்டியும் வாங்கலாம். கேட்பவர் மாணவர்தான் என்பதற்கு அடையாளமாக, அனுமதிச் சீட்டு போன்ற ஒரு குறியீடு, அதாவது டோக்கன், இருக்கும். கைப்பேசிக்குள் கடவுச்சொல்லைப் போட்டு வைக்க வேண்டியதில்லை. கைப்பேசி தொலைந்தால் அந்த டோக்கனை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்ற எதுவும் பாதிக்காது.

அடுத்தது, வெளியார் கருவிகளை உள்ளே கொண்டுவருவது. கணிதத்துக்கு ஒரு பயிற்சிக் கருவி, நிரல் எழுதப் பழக ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று துறைக்குத் துறை வாங்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி லாகின். செமஸ்டர் முடிவில் ஆசிரியர் ஒரு திரையைப் பார்த்து இன்னொரு திரையில் மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்கிறார். இந்தத் துன்பத்தைத் தீர்க்க, வெளிக் கருவிகளைக் கற்றல் தளத்தோடு இணைக்கும் எல்.டி.ஐ. (Learning Tools Interoperability) என்ற பொதுத் தரம் 2010 முதலே இருக்கிறது. அதன் 1.3 பதிப்பில், மாணவர் இணைப்பைத் தொட்டதும் கற்றல் தளம் கையொப்பமிட்ட ஒரு செய்தியை அனுப்புகிறது: வருபவர் இந்த அடையாள எண் கொண்டவர், இந்தப் பாடத்திலிருந்து வருகிறார், மாணவராக வருகிறார். கையொப்பத்தைச் சரிபார்த்துக் கருவி உள்ளே விடுகிறது. பயிற்சி முடிந்ததும் மதிப்பெண் தானாகவே தளத்தின் பதிவேட்டுக்குத் திரும்புகிறது. ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் செய்தியில் மாணவரின் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. அடையாள எண்ணே போதும். பெரும்பாலான கருவிகளுக்குப் பெயர் தேவைப்படாது. தேவையில்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

இணைப்பு என்றதும் தொழில்நுட்பம்தான் கடினம் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில், எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்வதுதான் கடினம். ஒரு மாணவர் பாடத்தை மாற்றிக்கொள்கிறார். பதிவாளர் அலுவலக ஏட்டில் மாறிவிட்டது, கற்றல் தளத்தில் மாறவில்லை. பழைய பாடத்தின் அறிவிப்புகள் அவருக்கு வந்துகொண்டே இருக்கின்றன, புதிய பாடத்தின் முதல் தேர்வு அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. சேர்க்கைக்குப் பதிவாளர் ஏடுதான் மூலம், தொடர்மதிப்பீட்டு மதிப்பெண்ணுக்குக் கற்றல் தளம்தான் மூலம் என்று எழுதி வைத்துவிட்டால் மென்பொருள் வேலை சுலபமாகிவிடும். எழுதி வைக்காமல் இரண்டு பக்கமும் திருத்த விட்டால் எந்த நிரலாலும் அதைச் சீராக்க முடியாது.

இனி கைப்பேசி. இணைப்பு அறுந்துபோகும் என்ற எண்ணத்திலிருந்துதான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். எப்போதும் இணைப்பு இருக்கும் என்று நம்பி எழுதிய செயலி, அது மிகவும் தேவைப்படும் மாணவரைத்தான் முதலில் கைவிடும். பாடக் குறிப்புகளை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம், கருத்துகளை எழுதி வரிசையில் போட்டு வைக்கலாம், இணைப்பு வந்ததும் அவை தாமாகப் போய்ச் சேரும். இவையெல்லாம் இன்று சாதாரணமாக நடக்கிற காரியங்கள்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரு மாணவி பயணத்தில் இணைப்பில்லாமல் கட்டுரையைக் கைப்பேசியில் திருத்துகிறாள். இறங்கிய இடத்தில் மடிக்கணினியைத் திறந்து, அதே கட்டுரையின் பழைய வரைவில் வேறொரு பத்தியை மாற்றிச் சேமிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக்கு இணைப்பு கிடைக்கிறது. இப்போது இரண்டு கட்டுரைகள். எது நிற்பது? கேட்காமல் ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதிவிட்டால் அவள் உழைப்பில் ஒரு பகுதி சத்தமில்லாமல் அழிந்துவிடும். இரண்டையும் காட்டி அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்வதுதான் நியாயம். அதற்கு ஒரு திரை கூடுதலாக எழுத வேண்டும். எழுதத்தான் வேண்டும்.

நேரமும் அப்படித்தான். இரவு 11.50க்குச் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தினாள், இணைப்பு வந்தது 12.10க்கு, கெடு 12 மணி. கைப்பேசியின் கடிகாரத்தை யாரும் மாற்றி வைக்கலாம் என்பதால் அதைச் சான்றாக எடுக்க முடியாது. சர்வரின் நேரம்தான் செல்லும். அப்படியானால் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: "இன்னும் போய்ச் சேரவில்லை" என்பதைச் செயலி பெரிய எழுத்தில் காட்ட வேண்டும், கெடுவுக்குப் பின் சிறிது சலுகை நேரத்தை விதியிலேயே வைக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடுள்ள தேர்வை இணைப்பில்லாமல் எழுத மூடிலின் செயலி அனுமதிப்பதில்லை. சரியான முடிவு அது.

வீடியோ பற்றியும் ஒரு கணக்கு. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிவான ஒரு மணி நேர விரிவுரை 450 மெகாபைட் வரும். அதே விரிவுரையின் ஒலியை மட்டும் 64 கிலோபிட்டில் கொடுத்தால் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பலகையில் எழுதாத, பேச்சே பிரதானமான வகுப்புகளுக்கு ஒலி வடிவத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

அறிவிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெடு, வகுப்பு மாற்றம், மதிப்பெண். இம்மூன்றுக்கு மேல் தாமாக ஒலிக்கக் கூடாது. மீதியை மாணவர் விரும்பினால் இயக்கிக்கொள்ளட்டும்.

மாற்றுத்திறனாளி மாணவர்களை நினைக்காமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பு 2018இல் வந்தது. திரையை நெட்டுவாக்கில் மட்டுமே, அல்லது படுக்கைவாக்கில் மட்டுமே பார்க்க முடியும்படி பூட்டிவிடக் கூடாது என்கிறது அதில் ஒரு விதி. சக்கர நாற்காலியின் கையில் கைப்பேசியைப் பொருத்தி வைத்திருப்பவரால் அதைத் திருப்ப முடியாது. இப்படி ஒருவர் இருப்பார் என்று நினைத்துப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது. நாம் வாங்கும் ஒவ்வொரு கருவியையும் இந்த வழிகாட்டியோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், வாங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஆகவே இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஒரு சிறு குழுவை அமைத்துவிடுங்கள். பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர், கணினி மையத்திலிருந்து ஒருவர், பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர், கைப்பேசியை மட்டுமே நம்பிப் படிக்கும் மாணவர் ஒருவர். எந்தத் தகவலுக்கு எது மூலம், இணைப்பு அறுந்தால் கெடு எப்படிக் கணக்கிடப்படும் என்ற இரண்டையும் அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். எந்தச் செயலி என்ற கேள்வியை அந்தத் தாள் கைக்கு வந்ததும் எடுத்துக்கொள்வோம். நன்றி.