கார்த்திகை விளக்கும் கார்புரேட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கார் வேலை பார்த்தவன் நான். புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை வரை போய் மலிவாகப் பெட்ரோல் போட்டு வருகிற ஊர்க்காரர்களுக்குப் பெட்ரோலைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லப் போகிறேன்? ஒன்றுதான். முதலில் பற்றுவது அதன் ஆவி. அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும்.

என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டு, காற்றே இல்லாத சாயங்காலம். வீட்டு வாசலில் உட்கார்ந்து என் பழைய பத்மினி காரின் கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகத்தைப் பிரித்து, எவர்சில்வர் தாம்பாளத்தில் பெட்ரோல் ஊற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெட்டில், அதாவது பெட்ரோல் வருகிற சின்னத் துளையில் அடைப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊதி ஊதிப் பார்க்கிறேன். வீட்டுக்காரி வாசற்படியில் அகல் ஏற்றிவிட்டு உள்ளே போனாள். அகலுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். பத்தடி போதாதா என்று இருந்துவிட்டேன்.

'பொஃப்' என்று ஒரு சத்தம். அகலிலிருந்து நீலமாக ஒரு கோடு தரையோடு ஓடி வந்தது. நன்றாகக் கேளுங்கள், நான் நெருப்புப் பக்கம் போகவே இல்லை, அதுதான் என்னிடம் வந்தது. தாம்பாளம் குப்பென்று எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார். பெட்ரோல் தண்ணீரில் மிதக்குமே! எரிந்தபடியே சாக்கடை வரை போய்விட்டது. சுவர் பூச்சுக்குக் கொட்டி வைத்திருந்த மணலை அள்ளிப் போட்டுத்தான் அணைத்தோம். புருவம் பொசுங்கிய வாடை இரண்டு நாள் போகவில்லை. வீட்டுக்காரியும் இரண்டு நாள் பேசவில்லை.

இப்போதுதான் கார்புரேட்டரே இல்லையே என்பீர்கள். இன்றைய பெட்ரோல் கார்களில், இன்ஜினை நிறுத்திய பிறகும் பெட்ரோல் குழாயில் அழுத்தம் நிற்கும். பல வண்டிகளில் 3 பார் அழுத்தம், அதாவது டயரில் இருப்பதைவிட அதிகம். அந்தக் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினால் முகத்திலும் சூடான சைலன்சர் குழாயிலும் பீய்ச்சி அடிக்கும். அதனால் முதலில் வண்டிக்குள் பெட்ரோலைத் தள்ளுகிற பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஆற விடுங்கள். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, குழாயைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு கிளிப்பைத் தொடுங்கள். வேலை திறந்த வெளியில்தான். ஷெட்டுக்குள் வாடை வந்துவிட்டால் ஃபேன் போடக்கூட சுவிட்சைத் தொடக் கூடாது, சுவிட்சிலேயே பொறி இருக்கிறது. அந்தப் பழைய குண்டு பல்பு கைவிளக்கும் வேண்டாம்...

ஸ்டுடியோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பவுடர் அடிக்கிற தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில், வெளியே ஓடுகிற வழிப் பக்கமாக இருக்கட்டும். உடையில் பிடித்தால் ஓடாதீர்கள், படுத்து உருளுங்கள். தீப்புண்ணுக்குப் பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. தீயணைப்பு நிலையத்துக்கு 101. கழுவின பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், ஏனென்றால்... சரி, நேரமாகிவிட்டதாம். வணக்கம்.