பேக்கப் ஜெயித்தால் எதைப் பார்க்க வேண்டும்?

அவையோருக்கு வணக்கம்.

முதலில் இரண்டு ஸ்கோர்களைச் சொல்லிவிடுகிறேன். 34–29. 15–10. இரண்டுமே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி ஜெயித்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள். இரண்டிலும் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவராக, நின்றவர் பேக்கப், அதாவது மாற்று ஆட்டக்காரர், நிக் ஃபோல்ஸ். முதல் ஆட்டத்தில் அவர் நான்கு டச்டவுன் பாஸ் போட்டார்; எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. இந்த ஆளை நம்பி மேலே போகலாம் என்று எந்த ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வீர்கள்? நிறையப் பேர் கை தூக்குவது முதல் ஆட்டத்துக்குத்தான். இரண்டாவது ஆட்டம்தான் நல்ல சாட்சி என்பது என் கட்சி. அதை நிறுவத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சலஸ். ஈகிள்ஸின் முதல்நிலை குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்களில் 33 டச்டவுன் பாஸ் போட்டிருந்தார். இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி கையில் சிக்கியவை, ஏழுதான். அன்று ராம்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. ஃபோல்ஸ் உள்ளே வந்தார், ஆட்டம் 43–35 என்று ஈகிள்ஸ் பக்கம் முடிந்தது. அணியின் கணக்கு 11 வெற்றி, 2 தோல்வி.

அடுத்த வாரம் நியூயார்க் ஜயன்ட்ஸ். நான் சொன்ன 34–29 அதுதான். 38 பாஸில் 24 சேர்ந்தன, 237 யார்டு, நான்கு டச்டவுன், இன்டர்செப்ஷன் இல்லை. ஊர் மூச்சுவிட்டது. ஆனால் அந்த ஆட்டத்தின் மற்ற பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். எதிரணி அதுவரை 2 வெற்றி, 11 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. ஈகிள்ஸின் ஸ்பெஷல் டீம், அதாவது உதைகளைக் கவனிக்கும் குழு, அன்று மூன்று உதைகளைத் தடுத்தது: டச்டவுனுக்குப் பிந்தைய ஒரு கூடுதல் புள்ளி உதை, ஒரு பண்ட் (பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்து அனுப்புவது), ஒரு ஃபீல்டு கோல் (மூன்று புள்ளிக்கான உதை). பண்ட் தடுக்கப்பட்டால் என்ன ஆகும்? பந்து எதிரணியின் வாசற்படியிலேயே கைக்கு வரும். அங்கிருந்து டச்டவுன் போடுவதும், 75 யார்டு நடந்து வந்து போடுவதும் பலகையில் ஒரே ஆறு புள்ளிதான். குவாட்டர்பேக்கின் வேலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்னொன்று, அன்று எதிர்ப்பக்கக் குவாட்டர்பேக் ஈலை மேனிங் 434 யார்டு எறிந்தார். ஜயன்ட்ஸ் 20–7 என்று முன்னால்கூட இருந்தார்கள். பேக்கப்பின் டச்டவுன் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசியவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள்.

அதற்கடுத்து கிறிஸ்துமஸ் இரவு, ஓக்லாண்ட் ரெய்டர்ஸ். 19–10 வெற்றி. பலகையைப் பார்த்தால் சௌகரியமான வெற்றி போலத் தெரியும். கடைசி 22 வினாடி வரை ஸ்கோர் 10–10. ஈகிள்ஸின் உதைகாரர் ஜேக் எலியட் 48 யார்டு ஃபீல்டு கோல் அடித்தார். கடைசி பிளேயில் ரெய்டர்ஸ் பந்தைக் கண்டபடி பின்னால் எறிந்துகொண்டிருக்க, ஈகிள்ஸின் டெரிக் பார்னெட் அள்ளிக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டார். ஒன்பது புள்ளி வித்தியாசம் இப்படி வந்தது. ஃபோல்ஸ் 38க்கு 19, வெறும் 163 யார்டு. தற்காப்பு அணி ஐந்து முறை பந்தைப் பறித்துக் கொடுத்தும் இந்த நிலை.

இங்கே ஒரு எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது டவுனில் 14 முறை முயன்று ஈகிள்ஸ் தேறியது ஒரே ஒரு முறை. அமெரிக்கக் கால்பந்தில் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு; ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்காவதில் பெரும்பாலும் உதைத்து அனுப்பிவிடுவார்கள். ஆக மூன்றாவதுதான் பரீட்சை. முதல் இரண்டு டவுனில் ஓடலாமா எறியலாமா என்று எதிரணியைக் குழப்பலாம். மூன்றாவது டவுனில் எட்டு யார்டு பாக்கி என்றால், பாஸ்தான் வரும் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒளிய இடமில்லை. பேக்கப்பை எடைபோட ஒரே ஒரு எண்தான் கொடுப்பேன் என்று யாராவது சொன்னால், நான் கேட்பது இதைத்தான்.

இரண்டாவதாக ஒரு கணக்கு. பேப்பரும் பேனாவும் இருந்தால் வீட்டிலேயே போடலாம். பாஸில் கிடைத்த யார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டச்டவுனுக்கும் 20 கூட்டுங்கள், ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45 கழியுங்கள். வந்ததை எறிந்த பாஸ்களின் எண்ணிக்கையால் வகுங்கள். ரெய்டர்ஸ் ஆட்டத்துக்கு 163 கூட்டல் 20 கழித்தல் 45, 138. அதை 38ஆல் வகுத்தால் 3.6. மிக மோசம். ஜயன்ட்ஸ் ஆட்டத்துக்கு 8.3 வரும். அது நல்ல எண்தான். ஆனால் அதில் 80 யார்டு நான்கு டச்டவுனுக்கான ஊக்கத்தொகை. அதை எடுத்துவிட்டால் பாஸுக்கு 6.2 யார்டு. சாதாரணம். சாக் ஆன யார்டையும், அதாவது எறியும் முன்பே எதிரணி குவாட்டர்பேக்கை வீழ்த்தியதால் இழந்த யார்டையும், கழித்து, சாக் எண்ணிக்கையையும் வகுக்கும் எண்ணோடு சேர்த்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் பேக்கப் அதில்தான் மாட்டுவார்.

டிசம்பர் 31 டல்லாஸ் ஆட்டத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். முதலிடம் உறுதியான பிறகு நடந்த ஆட்டம், ஃபோல்ஸ் கொஞ்ச நேரம்தான் ஆடினார். 11க்கு 4. அணி 6–0 என்று தோற்றது. என்ன, ரசிகர்களின் வயிற்றில் புளி கரைந்தது.

ஏன் இப்படித் தடுமாறினார்? ஒரு பேக்கப்பின் வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்தால் விடை கிடைக்கும். புதன், வியாழன், வெள்ளி நடக்கும் பயிற்சியில் ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் முதல்நிலை ஆட்டக்காரருக்கே. பேக்கப்பின் வேலை, வரப்போகும் எதிரணியின் குவாட்டர்பேக் மாதிரி நடித்துத் தன் தற்காப்பு அணிக்குப் பழக்கம் கொடுப்பது. அதாவது வாரம் முழுக்க அடுத்தவன் அணியின் பிளேக்களை எறிந்துகொண்டிருப்பார். தன் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) மூன்றாம் காலடியில் திரும்புவாரா, அரையடி தள்ளித் திரும்புவாரா என்பது உடம்பில் ஏறியிருக்காது. ஸ்னாப்புக்கு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவதற்கு, குரல் கொடுக்கும் தாளம் வேறு. அந்தத் தாளம் பிசகினால் முன்வரிசைத் தடுப்பாளர்களான லைனில் ஒருவர் முன்கூட்டி அசைவார், ஐந்து யார்டு அபராதம். தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் வரும். அடுத்த பிளேயைத் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போது அது அறுந்துவிடும். மிச்சத்தை அவரேதான் பார்க்க வேண்டும். புதிய குவாட்டர்பேக்கின் அணியைக் கவனிக்கும்போது, அவர்கள் ஹடிலை (கூடி நின்று திட்டம் பேசும் வட்டம்) விட்டு எத்தனை வினாடி மிச்சத்தில் கலைகிறார்கள் என்று பாருங்கள். கடிகாரம் ஐந்துக்குக் கீழே போகும் வரை லைனில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தால், எதிரணியைப் படிக்க அவருக்கு நேரமே இல்லை என்று பொருள்.

முதலிடம் பிடித்ததால் ஈகிள்ஸுக்கு பிளே-ஆஃபின் (தோற்றால் வெளியேறும் சுற்றுகள்) முதல் வாரம் ஓய்வு. அந்த ஓய்வுதான் கதையைத் திருப்பியது. தலைமைப் பயிற்சியாளர் டக் பெடர்சன், கிரீன் பேயில் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் பேக்கப்பாக இருந்தவர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஃபிராங்க் ரைக், 1993 ஜனவரி 3 அன்று பஃபலோவுக்காக பேக்கப்பாக இறங்கி 35–3 என்று பின்தங்கிய பிளே-ஆஃப் ஆட்டத்தை 41–38 என்று ஜெயித்தவர். இந்த இருவருக்கும் பேக்கப்பிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது பாடம் படித்துத் தெரிந்ததல்ல. ஃபோல்ஸை இன்னொரு வென்ட்ஸ் ஆக்கும் முயற்சியை அவர்கள் நிறுத்தினார்கள். வென்ட்ஸ் பிடியிலிருந்து நழுவி ஓடி, ஓடும்போதே எறிந்து மூன்றாவது டவுனைக் காப்பாற்றுவார். ஃபோல்ஸ் ஆறடி ஆறங்குல ஆள், அவ்வளவு ஓட்டம் கிடையாது. ஆனால் 2013இல் இதே ஊரில் 27 டச்டவுனுக்கு இரண்டே இன்டர்செப்ஷன் என்று ஆடியவர். அன்று கை கொடுத்தது வேகமான தாளமும், ரன்-பாஸ் ஆப்ஷன் என்ற வகைப் பிளேக்களும். அந்தப் பெட்டியைத்தான் மீண்டும் திறந்தார்கள்.

அந்தப் பிளே எப்படி வேலை செய்கிறது? ஸ்னாப் வந்ததும் குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றில் வைக்கிறார், ஆனால் கையை எடுப்பதில்லை. கண் ஒரே ஒரு லைன்பேக்கர் மேல், அதாவது எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பாளர் மேல். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் ஓரடி வைத்தால், அவர் விட்டுவந்த இடம் காலி. பந்தை உருவி அங்கே சாய்வாக வரும் ரிசீவருக்கு எறி. அவர் நின்ற இடத்திலேயே நின்றால், பந்தை ஓட்டக்காரரிடமே விட்டுவிடு. லைன்காரர்கள் இரண்டுக்கும் ஓட்டத்துக்கான தடுப்பையே போடுகிறார்கள். சிக்கல் எங்கே? பாஸுக்கு முன் லைன்காரர் ஒரு யார்டுக்கு மேல் முன்னேறினால் அபராதம். எனவே முடிவு சட்டென்று வர வேண்டும், யோசித்தால் கெட்டது. மைதானம் முழுவதையும் படிக்க வேண்டிய வேலையை ஒரே ஒருவரைப் படிக்கும் வேலையாக இது சுருக்குகிறது. பயிற்சி குறைந்தவருக்கு இதைவிட நல்ல கைத்தடி கிடையாது.

இப்போது 15–10க்கு வருகிறேன். 2018 ஜனவரி 13, அட்லாண்டா ஃபால்கன்ஸ். முதலிடம் பிடித்த அணி, சொந்த மைதானம். அப்படியும் பந்தயக் கணக்கு ஈகிள்ஸ் பக்கம் சாயவில்லை; தோற்கும் என்று கருதப்படும் அணியை ஆங்கிலத்தில் 'அண்டர்டாக்' என்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஈகிள்ஸின் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு திரிந்தது அதற்குப் பதிலடி. ஃபோல்ஸ் 30க்கு 23, 246 யார்டு. டச்டவுன் பாஸ் இல்லை, இன்டர்செப்ஷனும் இல்லை. எந்த ஊக்கத்தொகையும் சேர்க்காமலே பாஸுக்கு 8.2 யார்டு வருகிறது. அதாவது ஜயன்ட்ஸ் ஆட்டத்தைவிட ஒவ்வொரு எறிக்கும் இரண்டு யார்டு கூடுதல், அதுவும் முந்தைய பருவத்தின் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை போன அணிக்கு எதிராக. புள்ளி ஏன் குறைந்தது? ஈகிள்ஸின் ஓட்டக்காரர் ஜே அஜாயி பந்தைத் தவறவிட்டார். ஃபால்கன்ஸ் உதைத்த ஒரு பண்ட் ஈகிள்ஸ் ஆளின் மேல் பட்டு அவர்கள் கைக்கே போனது. அவர்களின் ஒரே டச்டவுன் அதிலிருந்து வந்தது. டச்டவுனுக்குப் பிந்தைய உதையும் தவறியது. இவற்றில் எதுவும் குவாட்டர்பேக்கின் கணக்கு அல்ல.

அதிர்ஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. முதல் பாதி முடியும் தறுவாயில் ஃபோல்ஸ் எறிந்த ஒரு பாஸ் நேரே ஃபால்கன்ஸின் கியானு நீல் மேல் போய் விழுந்தது. பிடித்திருக்க வேண்டிய பந்து; முழங்காலில் பட்டு எகிறி ஈகிள்ஸின் டோரி ஸ்மித் கையில் உட்கார்ந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதிலிருந்து எலியட்டின் 53 யார்டு ஃபீல்டு கோல், 10–9. எடைபோடும்போது இந்தப் பாஸை இன்டர்செப்ஷன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். 246இல் அந்த 20 யார்டையும் தண்டனை 45ஐயும் கழித்தால் 181; பாஸுக்கு 6.0. கருணையில்லாமல் போட்ட கணக்கிலும் ஜயன்ட்ஸ் ஆட்டத்தின் 6.2ஐ ஒட்டியே நிற்கிறது. அங்கே ஒரு ஊக்கத்தொகையைத்தான் எடுத்தோம். இங்கே தண்டனையும் போட்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் மின்னசோட்டா வைக்கிங்ஸ், 38–7. 33க்கு 26, 352 யார்டு, மூன்று டச்டவுன். மூன்றாவது டவுனில் 14க்கு 10. கிறிஸ்துமஸ் இரவின் 14க்கு 1 ஞாபகம் இருக்கிறதா? அதே ஆள், நான்கு வாரத்துக்குள்.

பிப்ரவரி 4 சூப்பர் பௌல் எல்லோரும் பார்த்ததுதான்: 41–33, ஃபோல்ஸ் 373 யார்டு, தோற்ற நியூ இங்கிலாந்தின் குவாட்டர்பேக் டாம் பிரேடி 505 யார்டு. நான்காவது டவுனில் குவாட்டர்பேக்கே டச்டவுன் பிடித்த அந்த வித்தைப் பிளேயைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிது வேறொன்று. 33–32 என்று பின்தங்கி, ஐந்தரை நிமிடம் போல மிச்சம், சொந்தப் பாதியில் 45 யார்டு கோட்டில் நான்காவது டவுன், ஒரு யார்டு பாக்கி. தவறினால் பந்து பிரேடி கையில். பெடர்சன் உதைக்கச் சொல்லவில்லை. ஃபோல்ஸ் தன் அணியின் ஸாக் எர்ட்ஸுக்கு இரண்டு யார்டு பாஸ். வெறும் இரண்டு யார்டு. பயிற்சியாளர் பேக்கப்பை என்ன எடை போட்டிருக்கிறார் என்பது இந்த மாதிரி இடத்தில்தான் வெளிப்படும். அந்தப் பவனி 14 பிளே, 75 யார்டு ஓடி, எர்ட்ஸின் டச்டவுனில் முடிந்தது. அன்றைய ஒரே இன்டர்செப்ஷன்கூட ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்தது.

எதிர் உதாரணம் ஒன்று வேண்டுமா? 2012 ஜனவரி 1. கிரீன் பே ஏரன் ராட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்து மேட் ஃப்ளின்னை இறக்கியது. டெட்ராய்ட்டுக்கு எதிராக 480 யார்டு, ஆறு டச்டவுன், 45–41 வெற்றி. அடுத்த சில மாதங்களில் சியாட்டில் அவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அந்த இடத்தை மூன்றாம் சுற்றில் எடுத்த புதுப்பையன் ரஸல் வில்சன் பிடித்துக்கொண்டார். ஃப்ளின்னின் 480ஐப் பார்த்தவர்கள், அதே ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் மேத்யூ ஸ்டாஃபர்ட் 520 எறிந்ததைப் பார்க்கவில்லை. அன்று இரண்டு தற்காப்புகளும் ஊருக்குப் போயிருந்தன.

ஃபோல்ஸுக்கும் பின்கதை உண்டு. 2019இல் ஜாக்சன்வில் அவருக்கு நான்காண்டுக்கு 8.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. பெடர்சன் இல்லை, அந்த லைன் இல்லை. கான்சஸ் சிட்டிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே டச்டவுன் பாஸ் எறிந்த அதே பிளேயில் காறை எலும்பு முறிந்தது. பதிலுக்கு இறங்கியவர் ஆறாம் சுற்றில் எடுத்த கார்ட்னர் மின்ஷூ; 25க்கு 22, 275 யார்டு, இரண்டு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். ஆட்டம் 40–26 என்று தோல்வி. முன்னால் இருக்கும் அணி பின்வாங்கி நின்று குட்டைப் பாஸ்களை விட்டுக்கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 22இல் எத்தனை மூன்றாவது டவுனில் வந்தன, எத்தனை யார்டு பாக்கியிருக்கும்போது வந்தன? ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்து எண்ணத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.