ரப்பர் ஏன் கரையாமல் வீங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கண்ணாடிக் குப்பியில் டொலுவீன் இருக்கிறது. பெயின்ட் தின்னரைத் திறந்ததும் மூக்கைத் தாக்கும் வாசனை பெரும்பாலும் இதனுடையதுதான். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் கனசதுர ரப்பர் துண்டைப் போட்டு மூடுகிறோம். பதப்படுத்தாத பச்சை ரப்பராக இருந்தால் கொழகொழத்துப் போய், கடைசியில் கெட்டியான கரைசலாகிவிடும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர் கரையாது, வீங்கும். சில நாட்களில் அதன் ஒரு பக்கம் 1.7 சென்டிமீட்டர் ஆகலாம். பெரிதாகத் தெரியவில்லை, இல்லையா? கன அளவாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 5 மடங்கு. அப்புறம் வீக்கம் நின்றுவிடும். குப்பியில் எவ்வளவு டொலுவீன் மிச்சம் இருந்தாலும் சரி, அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறாது.

வீங்குவதைவிட, அது நிற்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான அணுக்கள் கோத்த நீளமான சங்கிலிகள். கந்தகம் அங்கங்கே இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. இதைக் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்த வித்தை இதுதான். முடிச்சுகள் விழுந்தபின் துண்டு முழுவதும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். தனிச் சங்கிலி எதுவும் கழன்று போக முடியாது, அதனால் கரையவும் வழியில்லை.

கரைப்பான் உள்ளே நுழைவதற்குக் காரணம் ஈர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இயற்கை ரப்பரும் டொலுவீனும் கலக்கும்போது வெப்பம் வெளியேறுவதோ உறிஞ்சப்படுவதோ மிகக் குறைவு. கலந்தால் மூலக்கூறுகள் அமைந்துகொள்ளும் விதங்கள் பெருகுகின்றன, அதாவது என்ட்ரோபி கூடுகிறது. உந்துதல் அங்கிருந்துதான் வருகிறது.

தடுப்பதும் என்ட்ரோபிதான். குவித்துப் போட்ட மீன்வலை எத்தனையோ விதமாகக் கிடக்கலாம். நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிய வலைக்கு இருப்பது ஒரே வடிவம். வீங்கும் ரப்பரின் சங்கிலிகளும் அப்படித்தான். முடிச்சுகள் விலக விலக, நடுவில் உள்ள சங்கிலி சுருண்டு கிடக்கும் வழிகள் குறைகின்றன. ரப்பரின் மீள்விசை பெரும்பாலும் இதுதான். எஃகுச் சுருள்வில்லில் அணுக்களுக்கு இடையே உள்ள ஆற்றல் மாறுகிறது. ரப்பரில் அது கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. ஒரு ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். ஜான் கஃப் 1805-ல் இதை எழுதி வைத்தார். எடை தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்குகிறது என்பதையும் அவர் பார்த்திருந்தார்.

ஆக, கலக்கும் என்ட்ரோபி வெளியே தள்ளுகிறது, சங்கிலியின் என்ட்ரோபி உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் வீக்கம் நிற்கிறது. பால் ஃப்ளோரியும் ஜான் ரேனரும் 1943-ல் இதைச் சமன்பாடாக்கினார்கள். ரப்பரும் கரைப்பானும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அதில் 'கை' (χ என்ற கிரேக்க எழுத்து) என்ற ஒரு எண் சொல்கிறது. நல்ல கரைப்பானில் அந்த எண் அரைக்குக் கீழே இருக்கும். அது கூடக் கூட வீக்கம் குறையும்.

இந்தச் சமன்பாட்டைப் பாடமாக நடத்துபவர்கள் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதன் ருசியே தலைகீழாகப் படிப்பதில்தான் இருக்கிறது. முடிச்சுகளைக் கண்ணால் எண்ண முடியாது, ஆனால் வீங்கிய துண்டை எடை போடலாம். எடையிலிருந்து கன அளவு, அதிலிருந்து முடிச்சுகளின் எண்ணிக்கை. ரப்பர் ஆய்வகங்களில் இன்றும் நடப்பது இதுதான். துண்டை இடுக்கியால் எடுத்து, மேலே ஒட்டிய திரவத்தை வடிதாளில் ஒற்றி, உடனே தராசில் வைக்க வேண்டும். டொலுவீன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் தராசின் எண் கண்ணெதிரே இறங்கும். துண்டை அழுத்திப் பிடித்தாலோ கிழிந்துவிடும். இன்னொன்று: முடிச்சுகளுக்கு இடைப்பட்ட சங்கிலி இருமடங்கு நீளமானால் வீக்கம் இருமடங்காவதில்லை, நன்றாக வீங்கும் வலையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான்.

இயந்திரங்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களுக்கும் இதே கணக்குதான். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊதிப்போகும். நைட்ரைல் ரப்பர் தாக்குப்பிடிக்கும். 'கை' மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சங்கிலியில் மின்னேற்றம் இருந்தால் ஆட்டம் வேறு. டயப்பரில் உள்ள சோடியம் பாலிஅக்ரிலேட் துகள் தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தூய நீரை ஏற்கும். சங்கிலியின் எதிர்மின்னேற்றம் சோடியம் அயனிகளை வெளியே விடுவதில்லை. அவற்றைத் தேடி நீர் உள்ளே வருகிறது. வெளியே உப்பு நீர் என்றால் அந்த உந்துதல் சரிந்துவிடும். அதனால் நீரில் காட்டும் சாகசத்தைச் சிறுநீரில் எதிர்பார்க்கக் கூடாது.

1978-ல் இயற்பியலாளர் டோயோயிச்சி டனாகா, பாலிஅக்ரிலமைடு ஜெல்லை, அதாவது திரவத்தை ஏற்று வீங்கிய ஒரு சங்கிலி வலையை, அசிட்டோனும் நீரும் கலந்த திரவத்தில் வைத்துப் பார்த்தார். கலவை விகிதத்தைத் துளி மாற்றியதும், ஜெல் படிப்படியாகச் சுருங்காமல் ஒரே தாவலில் பல மடங்கு சிறுத்தது. நீர் ஆவியாவதைப் போன்ற நிலைமாற்றம் ஒரு திடமான துண்டுக்குள்ளேயே நடக்கலாம் என்று 1968-லேயே டூசெக்கும் பேட்டர்சனும் கணித்திருந்தார்கள். அந்தத் தாவலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது துண்டின் அளவைப் பொறுத்தது. அளவு இருமடங்கானால் நேரம் நான்கு மடங்கு. சென்டிமீட்டர் துண்டுக்கு நாட்கள் ஆகும். சில மைக்ரோமீட்டர் துகளுக்கு ஒரு நொடிகூட வேண்டாம். அதனால்தான் ஜெல்லால் வால்வு செய்ய நினைப்பவர்கள் அதை முடிந்தவரை சின்னதாகச் செய்யப் பார்க்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.