முகாம் கிளம்பிய பிறகு யார்?

நடுவர் அவர்களே, குளச்சல் மக்களே, வணக்கம். பேரிடர் நேரத்தில் சனத்துக்குக் கை கொடுப்பது வெளியூரிலிருந்து வரும் தன்னார்வ மருத்துவக் குழுவா, உள்ளூர் சுகாதார ஊழியர்களா என்பது தலைப்பு. நான் உள்ளூர் அணி. எதிரணி அக்கா இப்போதுதான் கேட்டுவிட்டு உட்கார்ந்தார், 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார்களே, அதை மறக்கலாமா என்று. நல்ல கைதட்டல். யாரும் மறக்கவில்லை அக்கா. நன்றி வேறு, தீர்ப்பு வேறு.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டில்பாட்டையும் குளச்சலையும் கடல் புரட்டிப் போட்டது, மணக்குடியில் பாலமே போய்விட்டது. தண்ணீர் குடித்து மூச்சுத் திணறியவர்களையும், காயத்துக்குள் சேறும் மண்ணும் ஏறிக் கிடந்தவர்களையும் அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓட பக்கத்து ஆளை விட்டால் வேறு யார்? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோதும் இதே கதைதான், நம்ம கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடக்கிறது, கரண்டும் இல்லை, வெளியூர் வேன் எந்த வழியாக வரும்?

சரி, வேன் வந்துவிட்டது என்றே வைப்போம். ஒரு பாட்டி வருகிறார். வீட்டோடு மருந்துச் சீட்டும் போச்சு, மாத்திரையும் போச்சு, பெயர் தெரியாது, "வெள்ளை மாத்திரை மக்கா" என்கிறார். (எந்த மாத்திரைதான் வெள்ளை இல்லை?) ஒரு முகாமில் பிரஷருக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள், மறுநாள் இன்னொரு முகாமில் அதே மருந்து வேறு கம்பெனி அட்டையில் கிடைக்கிறது. பாட்டி இரண்டையும் பக்தியாகப் போட்டுத் தலைசுற்றி விழுந்தால் யார் பொறுப்பு? கிராம சுகாதார செவிலியருக்கு, நம்ம நர்ஸ் அக்காவுக்கு, அந்தப் பாட்டிக்கு என்ன மாத்திரை என்று தெரியும்.

காசநோய்க்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து எடுக்க வேண்டும், நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். முகாமில் ஊரே வரிசையில் நிற்கும்போது அவர் வாய் திறந்து சொல்வாரா? சொல்ல மாட்டார். ஆனால் அவர் பெயர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, அவரைத் தேடிப் போக அங்கே ஆளும் இருக்கிறது. அப்புறம் தட்டம்மை. சனம் நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் சீக்கிரம் பரவும். அந்தத் தடுப்பூசியைக் குளிரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும், கரைத்த பிறகு நாலு மணி நேரம்தான் கெடு. அதற்குள் எந்தக் குழந்தை அம்மாவோடு இருக்கிறது, எது சித்தி வீட்டுக்குப் போய்விட்டது என்று வெளியூர் டாக்டர் யாரிடம் கேட்பார்? நர்ஸ் அக்காவிடம்தான்!

நர்ஸ் அக்கா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்குமே என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் அவருக்கு ஒத்தாசை வேண்டும் என்கிறேன். அறுவை சிகிச்சை தெரிந்தவர் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஷிப்ட் பார்க்கட்டும், தடுப்பூசி போடத் தெரிந்தவர் நர்ஸ் அக்கா சொல்கிற தெருவுக்குப் போகட்டும், ஒன்றும் தெரியாதவர் குளோரின் கலந்த தண்ணீரைச் சுமக்கட்டும், அது பெரிய மருத்துவம். தனியாகப் பந்தல் போட்டு, பேனர் கட்டி, அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒக்கியில் சின்னத்துறை, தூத்தூர் பக்கம் கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. செத்தார் என்று சடங்கு செய்யவும் முடியாமல், வருவார் என்று நம்பவும் முடியாமல் இருக்கும் வீட்டுக்கு ஒருநாள் கவுன்சிலிங் எதற்குக் காணும்? மாதக்கணக்கில் போய் உட்கார வேண்டிய வீடு அது.

மணி அடித்துவிட்டார்கள், இதோ முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. இதுவரை டிடி ஊசியே, அதாவது ரணஜன்னி தடுப்பூசியே, போடாத பையனுக்குக் காலில் தகரம் கிழித்துவிட்டது, முகாமில் முதல் ஊசி போட்டாயிற்று. இரண்டாவது ஊசி ஒரு மாதம் கழித்து. பந்தலைப் பிரித்து வேன் கிளம்பிய பிறகு அதைப் போடுவது யார் என்று சொல்லிவிட்டு, அப்புறம் உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள்.