டயாலிசிஸ் நேரத்தில் பிரஷர் ஏன் சரிகிறது?

எல்லோருக்கும் வணக்கம். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தம் செய்து, தேங்கிய நீரையும் எடுப்பதுதான் டயாலிசிஸ். அந்த நான்கு மணி நேரத்தில் பாதிக்கு மேல் நன்றாகத்தான் போகும். திடீரென்று ஒருவருக்குக் கொட்டாவி வரும், வியர்க்கும், கண் இருட்டும். பார்த்தால் பிரஷர் இறங்கியிருக்கும். "தண்ணீரை அதிகமாக எடுத்துவிட்டார்கள்" என்பார்கள். அது பாதி உண்மை. ஏறத்தாழ ஒரே எடையுள்ள இருவரிடம் அதே இரண்டு லிட்டரை எடுத்தாலும், ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் மயங்குவார். இதயத்தின் வலு ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், நாம் நினைக்காமலேயே இதயத்துடிப்பையும் பிரஷரையும் கவனித்துக்கொள்ளும் தன்னியக்க நரம்பு மண்டலம்.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் குறைந்தால் மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். உடனே, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்தும்; உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் (sympathetic nerves) இரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்தை விரைவாக்கும். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகிவிடுவதால் அந்த உணர்வு மழுங்குகிறது. இரத்தத்தில் தேங்கும் கழிவுகளும் நரம்புகளைக் கெடுக்கின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படியென்றால் பரிவு நரம்புகள் சோர்ந்து கிடக்கின்றனவா? இல்லை, நேர்மாறு. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளின் கால் நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செலுத்தி, பரிவு நரம்புத் துடிப்புகளை நேரடியாக எண்ணினார்கள். பழுதான சிறுநீரகங்கள் உடலிலேயே இருந்த டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது ஆரோக்கியமானவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு சிறுநீரகங்களும் அகற்றப்பட்டவர்களுக்கோ ஆரோக்கியமானவர்கள் அளவுதான். வேலை செய்யாத சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை, மூளையைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டரை ஏற்கனவே முக்கால்வாசி மிதித்து ஓடும் வண்டி மாதிரி. மேட்டில் ஏற மீதி மிதி போதாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். நிமிடத்துக்கு ஆறு முறை ஆழமாக மூச்சு விடச் சொல்லி ஈசிஜி எடுத்தால், மூச்சோடு சேர்ந்து இதயத்துடிப்பு ஏறி இறங்குவது தெரியும். ஏற்ற இறக்கம் பத்துத் துடிப்புக்கும் குறைவு என்றால் பெரும்பாலும் வேகஸ் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்புறம், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைகிறதா என்று பார்ப்பது. இத்தனை எளிய சோதனையைச் செய்யாமல், உட்காரவைத்து மட்டும் பிரஷர் பார்த்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்யக்கூடியவை உண்டு. டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைச் சற்றுக் குறைத்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் தாங்கும். சிகிச்சைக்கு நடுவே வயிறு நிறையச் சாப்பிட்டால் இரத்தம் குடலுக்குப் போய்விடும். பிரஷர் மாத்திரையை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், எடுக்க வேண்டிய நீரும் குறையும்.

சரி, மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்? இதயத்துடிப்பைச் சீராக்கும் நரம்புகள் பலருக்குத் தேறி வருகின்றன. ஆனால் 2002இல் வெளியான இன்னோர் ஆய்வில், புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்தவர்களிடமும் பரிவு நரம்புகளின் வேகம் தணியவில்லை. பழைய சிறுநீரகங்கள் அகற்றப்பட்டவர்களிடம்தான் அது இயல்பு நிலையில் இருந்தது.